நரம்பு: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

முன்னுரை

யாழில் கட்டப்பெறும் தந்திக்கு நரம்பு என்று பெயர். வெற்றிலையின் முதுகில் நாம் கிள்ளி எறிவதும் நரம்பே. முதியோரின் புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தோன்றுவதையும் நரம்பு என்கிறோம். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ‘நரம்பு இழுத்துக்கொண்டது’ என்கிறோம். மூளையினின்று உடலெங்கும் செய்தி கொண்டு செல்லும் இழைகளையும் மருத்துவர் நரம்பு என்றே குறிக்கின்றனர். ஒரு சொல் பல பொருள் உணர்த்துவது மொழிக்கு இயல்பு. இலக்கண நூலாரும் நிகண்டு நூலாரும் அதற்கு இடம் வகுத்துள்ளனர். இலக்கியத்தில் அது சிலேடைக்கு உதவும், சுவை பயக்கும். ஆயின் வெட்டுப்பட்ட ஒரு கையின் முன்னே அதே மயக்கம் பெருந்தீங்கு விளைக்க வல்லது. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு மாணவரின் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் தொல்காப்பிய மரபியலை நடத்திக்கொண்டிருந்தேன். உடம்பால் மட்டும் அறிவன ஓரறிவுயிர் எனத் தொடங்கி, நாவும் மூக்கும் கண்ணும் செவியும் முறையே சேர, மனம் ஆறாவதாக அமைவதைத் தொல்காப்பியர் நிரல்படுத்தியிருக்கும் பகுதி அது. வகுப்பு முடிந்ததும் காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தயங்கியவாறு அருகில் வந்து நின்றார். “ஐயா, நரம்பு வெட்டுப்பட்டால் இரத்தம்தானே வரும்? இரத்தம் நின்றுவிட்டால் நரம்பு ஒட்டிக்கொண்டது என்றுதானே பொருள்?” என்று வினவினார்.

அவருடைய அண்ணன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை செய்பவர். நான்கு மாதங்களுக்கு முன் தகட்டின் விளிம்பு அவரது வலது மணிக்கட்டின் உட்புறத்தைக் கிழித்துவிட்டது. அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் தையல் போட்டு, ‘நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது’ என்று ஒரு சொல்லும் சொல்லி அனுப்பினர். குடும்பத்தார் அச்சொல்லை இரத்தக் குழாய் என்றே பொருள் கொண்டனர். இரத்தம் நின்றது, புண் ஆறியது, தையலும் பிரிக்கப்பட்டது. ஆகவே எல்லாம் நலமாயிற்று என்று அமைந்துவிட்டனர். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்தே கிடந்தன. அதுவும் நாளடைவில் சரியாகும் என்று எண்ணினர். ஒருநாள் தேநீர்க் குவளையைப் பற்றியிருந்தவர், விரலில் கொப்புளம் எழுந்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே அதன் சூட்டை அறிந்தார்.

மாணவரின் வினாவிற்கு அன்று என்னால் முழுமையாக விடை கூற இயலவில்லை. அவருடைய அண்ணனை உடனே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு மட்டும் கூறினேன். பின்னர் நூல்களைப் புரட்டியும் மருத்துவ நண்பர்களை வினவியும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்து உரைக்கின்றேன்.

சொல்லின் வரலாறு

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்ற சொல் முதற்கண் தசையை எலும்போடு பிணைக்கும் நாணையே குறித்தது. இலத்தீனில் ‘நெர்வுஸ்’ என்பது தசைநாண், வில்லின் நாண், யாழின் தந்தி ஆகிய மூன்றையும் குறித்தது. வெண்மையாக, இழைபோல நீண்டு கிடப்பன யாவற்றையும் பண்டை மக்கள் ஒரே பெயரால் அழைத்தனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்னும் மருத்துவரே, உடலை அறுத்து ஆராய்ந்து, நரம்பு வேறு, தசைநாண் வேறு, குருதிக்குழாய் வேறு எனத் தெளிவுறப் பிரித்தறிந்தவர் என்பர்.

அரபு மொழியிலும் ‘அஸப்’ என்பது நாண், நரம்பு ஆகிய இரண்டிற்கும் பொதுவாக வழங்கிய சொல்லே. எனினும் அரபு மருத்துவ மேதைகள் அறிவியல் நடையில் அதற்கு வரம்பு கட்டினர். கி.பி. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் ‘அல் கானூன்’ என்னும் பெருநூலில் நரம்பை ‘அஸப்’ என்றும், தசைநாணை ‘வதர்’ என்றும் வேறுபடுத்தி விளக்கினார். வதர் என்பது வில்லின் நாணையும் இசைக்கருவியின் தந்தியையும் குறிக்கும் சொல். நம் பாடநூல்களில் வழங்கும் ‘தசைநாண்’ என்னும் கலைச்சொல்லும் வில்லின் நாணை அடியொற்றியே அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. இப்னு சீனாவின் காலத்தவரான இப்னுல் ஹைதம் ஒளியியல் பற்றி எழுதிய நூலில், இரு கண்களும் அவற்றினின்று புறப்படும் நரம்புகள் மூளையை நோக்கிச் சென்று கூடுவதும் படமாக வரையப்பட்டுள்ளன. கி.பி. 1083இல் படியெடுக்கப்பெற்ற அச்சுவடி இஸ்தான்புல் நகரில் உள்ளது. நரம்பு மண்டலத்தைக் காட்டும் படங்களில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது அதுவே என்பர்.

தமிழில் நரம்பு என்பது பண்டை நூல்களில் பெரும்பாலும் யாழின் தந்தியாகவே வழங்கியது. யோக, சித்த நூல்கள் கூறும் எழுபத்தீராயிரம் நாடிகள் வேறொரு மரபின் கோட்பாடு. அவற்றை இன்றைய நரம்புகளோடு ஒன்றாக்கிக் குழப்புதல் இரு மரபுகளுக்கும் நீதியன்று.

அமைப்பு

நரம்பு மண்டலத்தை மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம் என இரண்டாகப் பகுப்பர். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மையம். அதனினின்று கிளைத்து உடலெங்கும் பரந்து செல்வன புற நரம்புகள்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. பெருமூளை எண்ணம், நினைவு, மொழி, புலனுணர்வு, தன்விருப்பான இயக்கம் ஆகியவற்றிற்கு இருப்பிடம். சிறுமூளை அசைவுகளை ஒழுங்குபடுத்தி உடலை நிலைதடுமாறாது காக்கிறது. முகுளம் மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்கிறது. முகுளத்தின் தொடர்ச்சியாக முதுகெலும்புக் கால்வாயினுள் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்திற்குத் தண்டுவடம் இறங்குகிறது. மூளையினின்று 12 இணை நரம்புகளும் தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகளும் புறப்படுகின்றன.

புற நரம்புகளில் இருவழிப் போக்குவரத்து நிகழ்கிறது. தோல், கண், செவி முதலிய இடங்களினின்று மையத்திற்குச் செய்தி கொணரும் இழைகள் உணர்ச்சி இழைகள். மையத்தினின்று தசைகளுக்கு ஆணை கொண்டு செல்வன இயக்க இழைகள். ஒரே நரம்பில் இவ்விரு வகையும் அடுத்தடுத்துச் செல்லலாம். நம் விருப்பத்தை எதிர்பாராது இதயம், குடல், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றை ஆள்வது தானியங்கு நரம்பு மண்டலம். அச்சம் வருங்கால் நெஞ்சைப் படபடக்கச் செய்வது அதன் பரிவுப் பிரிவு. உண்டபின் அமைதியாகச் செரிக்கச் செய்வது எதிர்ப்பரிவுப் பிரிவு.

இவ்வமைப்பு முழுவதற்கும் அடிப்படை அலகு நியூரான் என்னும் நரம்புச் செல். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன என 2009இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொரு நியூரானுக்கும் ஓர் உடல் உண்டு. செய்தியைப் பெறும் குறுங்கிளைகள் டெண்ட்ரைட்டுகள் எனப்படும். செய்தியை வெளியே கொண்டு செல்லும் நெடிய இழை ஆக்சான் எனப்படும். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியினின்று கால்விரல் வரை செல்லும் ஆக்சான் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். ஆயிரக்கணக்கான ஆக்சான்கள் கற்றை கற்றையாகக் கட்டுண்டு, மேலே உறை போர்த்துக் கிடப்பதே நாம் நரம்பு என்பது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடக்கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் புரியினுள் புரியும் அதனுள் நாரும் இருப்பதைக் காணலாம். நரம்பின் அமைப்பும் ஏறத்தாழ அத்தகையதே. அதற்குள் இரத்தம் ஓடும் குழாய் போன்ற வெற்றிடம் கிடையாது.

செய்தி செல்லும் முறை

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்று பொதுவாகக் கூறுவோம். அது பாதி உண்மையே. செப்புக் கம்பியில் மின்சாரம் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்கிறது. 1850ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தபோது, அது விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டரே என்று கண்டார். அப்படியாயின் அங்கு நிகழ்வது வேறொன்று.

ஆக்சானின் மெல்லிய சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. சவ்விலுள்ள புரத எக்கி ஒன்று மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்ந்தவண்ணம் உள்ளது. ஓய்ந்திருக்கும் நிலையில் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை உடையதாக இருக்கும். தூண்டல் போதிய அளவு வந்தவுடன் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன, சோடியம் உட்பாய்கிறது, உட்புறம் கணப்பொழுதில் நேர்மின்னாகிறது. உடனே அவ்வாயில்கள் அடைபட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை மீள்கிறது. இவை யாவும் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு அளவில் முடிந்துவிடும். ஓரிடத்தில் நிகழ்ந்த இம்மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கிறது; அது அதற்கடுத்ததைத் திறக்கிறது.

கட்டடப் பணியில் சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்போம். சட்டி நூறு அடி சென்றாலும் அதன் எடை குறைவதில்லை. ஏனெனில் ஒவ்வொருவரும் தம் வலிமையை அதற்கு அளிக்கின்றனர். நரம்பிலும் செய்தி வழியில் தேய்வதில்லை. விரல்நுனியில் பிறந்த துடிப்பு அதே அளவோடு தண்டுவடத்தை அடைகிறது. துடிப்பில் பெரியது, சிறியது என்பதும் இல்லை. ஒன்று அது எழும், அன்றேல் எழாது. மெல்லிய தொடுகைக்கும் வன்மையான அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டை, விநாடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதும் எத்தனை இழைகள் துடிக்கின்றன என்பதுமே உணர்த்துகின்றன.

இவ்வுண்மையை நிறுவ உதவியது நம் காசிமேட்டுச் சந்தையில் கடம்பா என்று விற்கப்படும் கணவாய் இனம். அதன் உடலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த ஆக்சான் ஒன்று உண்டு. அதனுள் மின்முனையைச் செலுத்தி அளந்து ஹாட்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர்கள் 1952இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். 1963இல் நோபல் பரிசு பெற்றனர்.

சில ஆக்சான்களின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றப்பட்டுள்ளது. அங்குத் துடிப்பு ஓர் இடைவெளியினின்று அடுத்த இடைவெளிக்குத் தாவிச் செல்லும். கைமாற்றுவதற்கு மாறாகத் தொலைவில் நின்று செங்கல்லை எறிந்து பிடிப்பது போன்றது இது. உறையுடைய தடித்த இழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரையும். உறையற்ற மெல்லிய இழைகளில் ஒரு மீட்டர் அளவிலேயே செல்லும். சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால் முதலில் ‘சுரீர்’ என்ற வலியும், சற்றுப் பிந்திக் காந்தலும் தோன்றுவது இதனாலேயே. இவ்விரண்டையும் மூளை உணரும் முன்பே தண்டுவடம் தானே ஆணையிட்டுக் கையை இழுத்துவிடுகிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர்.

இடைவெளியும் படகும்

ஒரு நியூரானின் முனை அடுத்த நியூரானைத் தொடுவதில்லை. இடையே ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளி உண்டு. இவ்விடத்திற்குச் சினாப்ஸ் என்று பெயர். சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரையை அணுக இயலாது கடலில் நங்கூரமிட்டு நின்றன. இடைப்பட்ட அலைவாயைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தவை மசுலாப் படகுகள். அதுபோன்றே, ஆக்சானின் முனைவரை மின்துடிப்பாக வந்த செய்தி அங்கு வேதிப்பொருளாக மாறி இடைவெளியைக் கடந்து மறுகரையில் மீண்டும் மின்மாற்றத்தை எழுப்புகிறது. ஓட்டோ லோவி என்பவர் 1921இல் தவளையின் இதயத்தைக் கொண்டு இவ்வேதிக் கடத்தலை மெய்ப்பித்தார். அசெட்டைல்கோலின், டோப்பமின், செரோட்டோனின் முதலியன இத்தகைய கடத்திகள். உறுப்பை மரக்கச் செய்யும் ஊசிமருந்து ஆக்சானின் சோடியம் வாயில்களை அடைக்கிறது. மனநோய்க்கான மருந்துகள் பல இப்படகுகளின் போக்குவரத்தைச் சீர்செய்கின்றன.

மணிக்கட்டில் நிகழ்வது

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். மணிக்கட்டின் உட்புறம் இரண்டு விரல் அகலமுள்ள சிறு வெளி. அதில் இருபுறமும் இரு தமனிகள் துடிக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்னும் நரம்பும் ஒரே குறுகிய கால்வாய் வழியே செல்கின்றன. சிறுவிரல் பக்கம் அல்நார் நரம்பு செல்கிறது. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தது போலச் சிறுவிரல் வரை விர்ரென்று இழுப்பது இந்த அல்நார் நரம்புதான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்க உணர்வு மீடியனுக்கு உரியது. எஞ்சிய பாதியும் சிறுவிரலும் அல்நாருக்கு உரியன. ஒரே வெட்டில் குழாய், நாண், நரம்பு மூன்றும் அறுபடக் கூடும். மூன்றையும் நாம் நரம்பு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். இரத்தம் பெருகுவது கண்ணுக்குத் தெரிகிறது. நரம்பு அறுந்ததோ ஓசையின்றி நிகழ்கிறது.

அறுபட்ட நரம்பு தானே ஒட்டிக்கொள்வதில்லை. வெட்டுக்கு அப்பாற்பட்ட பகுதி தன் செல்லுடலோடு தொடர்பற்றதால் சிதைந்துபோகும் என்பதை 1850இல் வாலர் என்னும் அறிஞர் கண்டார். ஆயினும் செல்லுடல் உயிரோடு இருக்குமாயின், வெட்டின் மேற்புற முனையினின்று புதிய துளிர் கிளைக்கிறது. பழைய நரம்பின் வெற்றுறை அதற்கு வழிகாட்டும் ஓடையாகிறது. இரு முனைகளையும் நுண்ணோக்கியின் கீழ் மயிரினும் மெல்லிய நூலால் இணைத்துவிட்டால் துளிர் அவ்வோடையில் நுழைந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டினின்று விரல்நுனி 18 சென்டிமீட்டர் எனின், உணர்வு மீள ஆறு மாதமேனும் ஆகும். இணைக்காது விட்டால் துளிர் வழியறியாது சுருண்டு முடிச்சாகிவிடும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கடந்தும் நரம்பு எட்டாத தசை மெலிந்து மீளாநிலை அடையும். மூளையிலும் தண்டுவடத்திலும் இத்தகைய மீள்வளர்ச்சியும் பெரும்பாலும் இல்லை. காலம் பொன்னினும் அரிது என்பதன் பொருள் இங்கு விளங்கும்.

நம் மருத்துவமனை

இக்கலையில் நாடே நோக்கும் ஒரு நிலையம் நம் வடசென்னையிலேயே உள்ளது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று முதியோர் இன்றும் அதனைக் குறிப்பர். 1938இல் அது மருத்துவக் கல்லூரியாக மலர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்குக் கைக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். எண்ணூர் முதல் இராயபுரம் வரை இரும்பையும் இரப்பரையும் தகட்டையும் கயிற்றையும் கையால் ஆளும் உழைப்பாளர் வாழும் பகுதிக்கு அத்தகைய பிரிவு எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும். 2018 பிப்ரவரியில் தமிழகத்திலேயே முதன்முறையாக இரு கைகளையும் மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை அம்மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்ஙனம் பொருத்திய கைகளிலும் உணர்வு நுழைவது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அதே நடையில்தான்.

மாணவரின் அண்ணனுக்கும் அறுவை நடந்தது. காலந்தாழ்ந்தமையால் முனைகள் விலகிச் சுருங்கியிருந்தன. காலினின்று ஒரு சிறு நரம்பை எடுத்து இடையில் வைத்துத் தைக்க நேர்ந்தது. ஓராண்டு கழித்து அவர் சூட்டையும் குளிரையும் வேறுபடுத்தி உணர்ந்தார். ஆயினும் சட்டைப் பையில் கைவிட்டு, பாராமலே நாணயத்தைத் தெரிந்தெடுக்கும் நுட்பம் மீளவில்லை. அன்றே இணைத்திருந்தால் மீட்சி இதனினும் மேம்பட்டிருக்கும் என்றனர் மருத்துவர்.

மூளையில் உள்ள கை

கையில் உணர்வு இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உணர்வு நிறைவுறும் இடம் மூளையே. பெருமூளையின் மேற்பரப்பில் உடல் முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டு. அதில் முதுகுக்குச் சிறிதிடம். உதட்டிற்கும் விரல்களுக்கும் பேரிடம். கையை முற்றிலும் இழந்தவர் பலர், இல்லாத அக்கை இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் உணர்கின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தோரைக் கண்ட வியர் மிட்செல் என்னும் மருத்துவர் 1871இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அவர்கள் பொய்யுரைக்கின்றனர் என்றோ சித்தம் கலங்கினர் என்றோ பலர் கருதியதுண்டு.

இப்புதிருக்கு விளக்கம் தந்தோருள் முதன்மையானவர் அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத விரல்களில் தொடுகையை அவர் உணர்வதை இராமச்சந்திரன் கண்டு 1992இல் வெளியிட்டார். மூளை வரைபடத்தில் முகத்தின் பகுதி கையின் பகுதிக்கு அடுத்துள்ளது. கையினின்று செய்தி வாராது ஒழிந்த நிலத்தில் முகத்தின் செய்தி புகுந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். பின்னர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நலமான கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு அமைத்தார். பிம்பம் விரல் விரிப்பதைக் கண்டவுடன், இறுக மூடி வலித்துக்கொண்டிருந்த மாயக்கை திறந்ததாகச் சிலர் உணர்ந்து வலி நீங்கினர். புலன்கள் ஐந்தின் மேல் மனத்தை ஆறாவதாக வைத்த தொல்காப்பியரின் வைப்புமுறை இவ்விடத்தில் நினைவிற்கு வருகிறது.

வலி என்னும் காவல்

வலி வேண்டாதது என்றே கருதுகிறோம். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்பதை மெய்ப்பித்தார். நோய் நரம்பை அழிக்கிறது, வலி மறைகிறது, வலியறியாக் கை சூட்டிலும் கூர்மையிலும் நாள்தோறும் காயமுற்றுத் தேய்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. இன்று நம் இல்லங்களில் இதே நிலை நீரிழிவால் நேர்கிறது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தேன் என்று பெரியவர் ஒருவர் நகைத்துக்கொண்டே கூறினால், கேட்போர் நகைத்தல் ஆகாது. அது நரம்பு தளர்ந்ததற்கான அறிகுறி. அவரது பாதத்தை நாள்தோறும் கண்ணால் பார்த்தல் வேண்டும். அவர் பள்ளிவாசலுக்கு உச்சிவெயிலில் வெறுங்காலோடு சுடுதரையைக் கடவாதவாறு பிள்ளைகள் காத்தல் வேண்டும்.

செய்யத் தக்கன

கையில் வெட்டு நேர்ந்தால் தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துக. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் கூடாது. மோதிரம் இருப்பின் வீக்கம் தோன்றுமுன் கழற்றுக. இரத்தம் அடங்கிய பின், காயமுற்றவரைக் கண்மூடச் சொல்லி ஒவ்வொரு விரல்நுனியையும் பஞ்சால் தொட்டு வினவுக. ஒவ்வொரு விரலையும் மடக்கச் சொல்லுக. இரத்தம் பெருகுமாயின் அறுந்தது குழாய். விரல் மடங்காவிடில் நாண். மரத்திருப்பின் நரம்பு என ஐயுறுக. பின்னிரண்டில் ஒன்று காணினும் தோலைத் தைத்ததோடு நில்லாமல் கை அறுவை மருத்துவரை அன்றே நாடுக.

விரல் துண்டாகிவிடின் அதனைத் தூய நீரில் அலசி, ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாய் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துக் கொண்டு செல்லுக. மீன்பிடி துறையில் பழகிய நம் மக்கள் மீனைப் போல விரலையும் பனிக்கட்டியில் நேரே புதைத்துவிடக் கூடும். அங்ஙனம் செய்தால் திசு உறைந்து கெட்டு, இணைக்க இயலாததாகிவிடும்.

நிறைவுரை

இறைநம்பிக்கையாளரை ஓர் உடலுக்கு ஒப்பிடும் நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஓர் உறுப்பின் நோவை முழு உடலும் ஏற்பது எங்ஙனம் என்பதற்கு நரம்பு மண்டலம் விடையளிக்கிறது. செய்தி செல்லும் வழி திறந்திருத்தல் வேண்டும். வழி அறுந்தால் உறுப்பு உடலோடு ஒட்டியிருந்தும் அயலாகிவிடுகிறது.

மருத்துவர்க்கும் மக்களுக்கும் இடையே செய்தி செல்லும் வழி மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் பயிற்றி, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர் அன்று மேற்கொண்ட உழைப்பு இன்று தமிழ்த்துறைகளின் கடமையாகிறது. நம் துறை மாணவர்கள் பட்டறைகளிலும் மீன்பிடி துறையிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் குழாய், நாண், நரம்பு என்னும் மூன்று சொற்களையும் பிரித்து வழங்கக் கற்பிப்பார்களாயின், அதுவே இலக்கணம் பயின்றதன் பயன். ‘நரம்பு வெட்டுப்பட்டது’ என்று இனி யாரேனும் கூறக் கேட்டால், ‘விரலில் உணர்வு இருக்கிறதா?’ என்பது நம் முதல் வினாவாகட்டும்.